இத்தாலியச் சிற்றூரில் வெளிநாட்டவராக வாழ்தல்: நொவெல்லாராவை முன்வைத்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட இத்தாலியில், போ ஆற்றுச் சமவெளியில், ரெஜ்ஜோ எமிலியா நகருக்கு வடக்கே சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் நொவெல்லாரா என்னும் ஊர் இருக்கிறது. ஏறத்தாழ 13,000 பேர் வாழும் இந்த ஊரைப் பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை கொன்ஸாகா குடும்பத்தின் ஒரு கிளை ஆண்டது. அவர்களுடைய கோட்டை இன்றும் ஊர் நடுவே நிற்கிறது. இங்கும் இதுபோன்ற ஊர்களிலும் குடியேற எண்ணுபவர்களும் அண்மையில் குடியேறியவர்களும் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் கீழே உள்ளன. சட்டங்களும் அலுவலக நடைமுறைகளும் பெரும்பாலும் நாடு முழுமைக்கும் பொருந்துபவை. உணவும் வானிலையும் இந்த வட்டாரத்துக்கு உரியவை.

இவ்வளவு சிறிய ஊருக்கு வெளிநாட்டவர் எதற்காக வந்தார்கள்?

பாலுக்காக. பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்னும் பாலாடைக்கட்டி இந்த வட்டாரத்தில்தான் செய்யப்படுகிறது. அதன் ஒரு வட்டு ஏறத்தாழ 40 கிலோ எடை கொண்டது. அதற்கு 500 லிட்டருக்கு மேல் பால் வேண்டும். குறைந்தது 12 மாதங்கள் முதிர வைக்க வேண்டும். மாடுகளை நாள்தோறும் இரு வேளை கறக்க வேண்டியிருப்பதால் தொழுவ வேலைக்கு ஞாயிற்றுக்கிழமையும் இல்லை, கிறிஸ்துமஸும் இல்லை. உள்ளூர் இளைஞர்கள் தொழிற்சாலைகளையும் அலுவலகங்களையும் நாடிச் சென்றபோது, 1980களிலிருந்து அந்த இடத்தைப் பஞ்சாபிலிருந்து வந்தவர்கள் நிரப்பினார்கள். கால்நடை வளர்ப்பு அவர்களுக்குப் புதிதல்ல. தொழுவத்தை ஒட்டியே தங்குவதற்கு வீடும் கிடைத்தது. 2000ஆம் ஆண்டில் நொவெல்லாராவில் சீக்கியர்களின் குருத்வாரா திறக்கப்பட்டது. அப்போது ஐரோப்பிய ஆணையத்தின் தலைவராக இருந்த ரொமானோ ப்ரோதி அதைத் திறந்து வைத்தார். எனவே, தமிழர் ஒருவர் இங்கே தம்மை இந்தியர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டால், எந்தத் தொழுவத்தில் வேலை என்று கேட்கப்படுவது இயல்பு. அதில் இகழ்ச்சி எதுவும் இல்லை. இந்த ஊரார் அறிந்த இந்தியா அதுதான்.

வந்து இறங்கியதும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராத நாட்டவர் நீண்டகால விசாவில் வந்தால், நாட்டுக்குள் நுழைந்த எட்டு வேலை நாட்களுக்குள் 'பெர்மெஸ்ஸோ தி சொஜோர்னோ' எனப்படும் தங்குமிட அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். படிவங்கள் அடங்கிய உறை குறிப்பிட்ட அஞ்சல் நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கும். நிரப்பிய உறையுடன் 16 யூரோ மதிப்புள்ள முத்திரைத்தாள் வில்லையும், அனுமதியின் கால அளவைப் பொறுத்து 40, 50 அல்லது 100 யூரோ கட்டணமும், அட்டைக்கும் அஞ்சல் சேவைக்குமான தனிக் கட்டணங்களும் செலுத்த வேண்டும். அஞ்சல் நிலையம் தரும் பற்றுச்சீட்டைக் கண்ணும் கருத்துமாகப் பாதுகாத்துக்கொள்ளுங்கள். மாவட்டத் தலைநகரில் உள்ள காவல் அலுவலகமான க்வெஸ்தூராவில் கைரேகை கொடுத்து, அட்டை கைக்கு வரும் வரை அந்தச் சீட்டுதான் உங்கள் அடையாளம். அட்டை வர மாதக்கணக்கில் ஆகலாம்.

படிவத்தைத் தாமே நிரப்ப முயல்வதைவிட, 'பத்ரொனாத்தோ' எனப்படும் தொழிலாளர் உதவி மையத்துக்குச் செல்வது நல்லது. தொழிற்சங்கங்களும் கத்தோலிக்கத் தொழிலாளர் அமைப்புகளும் இவற்றை நடத்துகின்றன. சிற்றூர்களில் இவை வாரத்தில் சில நாட்கள் மட்டுமே திறந்திருக்கும் என்றாலும், ஒரு தவறான கட்டத்தில் எழுதிய ஒரு தேதியால் ஆறு மாதம் தாமதமாவதைத் தவிர்க்க இதைவிட நல்ல வழி இல்லை.

நகராட்சியில் பதிவு செய்வதற்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன்?

இத்தாலியில் ஒருவர் சட்டப்படி எங்கே வாழ்கிறார் என்பது நகராட்சியின் குடிமக்கள் பதிவேட்டில் இருக்கும் முகவரியைக் கொண்டே தீர்மானிக்கப்படுகிறது. 'ரெசிதென்ஸா' எனப்படும் இந்தப் பதிவு இருந்தால்தான் அடையாள அட்டை, குடும்ப மருத்துவர், பள்ளிப் பேருந்து, குடியுரிமைக்கான ஆண்டுக் கணக்கு ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வரும். விண்ணப்பித்த இரண்டு வேலை நாட்களில் பெயர் பதிவாகிவிடும். அதன்பின் 45 நாட்களுக்குள் நகராட்சிக் காவலர் ஒருவர் முன்னறிவிப்பு இல்லாமல் வீட்டுக்கு வந்து, நீங்கள் உண்மையிலேயே அங்கு வாழ்கிறீர்களா என்று பார்ப்பார். அழைப்பு மணியிலும் அஞ்சல் பெட்டியிலும் உங்கள் பெயரை ஒட்டி வைப்பது அதற்காகத்தான். காவலர் வந்தபோது வீட்டில் ஆளில்லாமலும் மணியில் பெயரில்லாமலும் போய், பதிவு நிராகரிக்கப்பட்டவர்கள் உண்டு.

பலர் மறந்துவிடும் ஒன்று: தங்குமிட அனுமதியைப் புதுப்பித்த 60 நாட்களுக்குள் நகராட்சிக்குச் சென்று, அதே முகவரியில்தான் தொடர்ந்து வாழ்கிறேன் என்று மறுபடியும் அறிவிக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கப்படலாம். நீக்கப்பட்டால் குடியுரிமைக்குத் தேவையான தொடர்ச்சி அறுந்துவிடும்.

வாடகை வீடு கிடைப்பது கடினமா?

வீடு இருக்கும், வீட்டுக்காரர்தான் தயங்குவார். சிற்றூரில் விளம்பரப் பலகையைவிட வாய்வழிச் செய்திக்கே வலிமை அதிகம். உங்கள் முதலாளியோ உடன் வேலை செய்பவரோ சொல்லும் ஒரு சொல், மூன்று மாதச் சம்பளச் சீட்டுகளைவிட விரைவாகக் கதவைத் திறக்கும். ஒப்பந்தம் பொதுவாக நான்கு ஆண்டுகளுக்கு எழுதப்பட்டு மேலும் நான்கு ஆண்டுகளுக்கு நீளும். 3 ஆண்டும் பின்னர் 2 ஆண்டுமாக அமையும் சலுகை வாடகை ஒப்பந்தமும் உண்டு. முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தம் 30 நாட்களுக்குள் வரி அலுவலகத்தில் பதிவு செய்யப்பட வேண்டும். பதிவு செய்யாமல் வாடகையைச் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், ஏனெனில் பதிவில்லாத வீட்டை வைத்து நகராட்சிப் பதிவு பெறுவது பெரும் சிக்கல். உறவினர் வீட்டில் தங்கினாலும், தங்க வைப்பவர் 48 மணி நேரத்துக்குள் அதை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம்.

வீட்டுக்குள் நமக்குப் பழக்கமில்லாதவை எவை?

மின்சாரம் முதலாவது. சாதாரண வீட்டு இணைப்பு 3 கிலோவாட் மட்டுமே. சலவை இயந்திரமும் மின்னடுப்பும் ஒருசேர ஓடினால் மீட்டர் தானாகவே இணைப்பைத் துண்டித்துக்கொள்ளும். பழைய வீடுகளில் மீட்டர் மாடிப்படியின் கீழோ வாசலுக்கு வெளியிலோ இருக்கும். மாவு அரைக்கும் கிரைண்டரைத் தேடிப் பிடித்து வாங்கி வந்தவர்களுக்கு இந்தச் செய்தி பயன்படும்.

குளிர்காலச் சூடு இரண்டாவது. நாடு தட்பவெப்ப மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ரெஜ்ஜோ எமிலியா அடங்கிய மண்டலத்தில் அக்டோபர் 15 முதல் ஏப்ரல் 15 வரை, நாளொன்றுக்கு 14 மணி நேரத்துக்கு மிகாமல் வீடுகளைச் சூடாக்கலாம். எரிவாயுச் செலவு குளிர்காலத்தில் வாடகையின் கணிசமான பகுதியை எட்டிவிடும் என்பதை மனத்தில் கொண்டு, வீடு பார்க்கும்போதே ஜன்னல்களைத் தட்டிப் பாருங்கள்.

மூடுபனி மூன்றாவது. நவம்பர் முதல் ஜனவரி வரை சமவெளியில் எதிர்வீடு தெரியாத காலைகள் உண்டு. விடியுமுன் தொழுவத்துக்குச் சைக்கிளில் செல்பவர்கள், ஊர் எல்லைக்கு வெளியே இருளில் ஒளிரும் மேற்சட்டை அணிய வேண்டும் என்பது சட்டத்தின் கட்டளை. கோடைக்காலம் இதற்கு நேர்மாறு: புழுக்கமும் கொசுவும் சேர்ந்து தஞ்சாவூரை நினைவூட்டும்.

இத்தாலியம் கற்காமல் வாழ முடியாதா?

மிலானில் ஒருவேளை முடியலாம். இங்கே முடியாது. அஞ்சல் நிலையம், மருந்தகம், பள்ளி என எங்கும் ஆங்கிலம் பேசுபவர் தற்செயலாகத்தான் கிடைப்பார். முதியவர்கள் தமக்குள் எமிலிய வட்டார வழக்கில் பேசிக்கொள்வதால், நன்கு கற்றவர்கூட முதல் சில ஆண்டுகள் திகைத்து நிற்பதுண்டு. சட்டமும் இதை வலியுறுத்துகிறது. முதன்முறையாக வந்து, ஓராண்டுக்குக் குறையாத அனுமதி பெறுபவர், 2012 முதல் நடைமுறையில் உள்ள ஒருங்கிணைவு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறார். தொடக்கத்தில் 16 புள்ளிகள் தரப்படும், இரண்டு ஆண்டுகளில் அவற்றை 30 ஆக உயர்த்த வேண்டும், அதற்கு ஏ2 எனப்படும் அடிப்படை நிலை மொழியறிவு தேவை. வயது வந்தோருக்கான அரசு கல்வி மையங்களில் கட்டணமில்லாமலோ மிகக் குறைந்த செலவிலோ கற்கலாம். குடும்பத்தில் வேலைக்குச் செல்பவர் மட்டும் மொழி கற்று, மனைவி எல்லாவற்றுக்கும் அவரையோ பிள்ளைகளையோ எதிர்பார்த்திருக்கும் நிலையை இங்கே நிறையப் பார்க்கிறேன். மருத்துவரிடம் தம் உடலைப் பற்றிப் பேசப் பத்து வயது மகனைத் துணைக்கு அழைத்துச் செல்லும் நிலை எந்தத் தாய்க்கும் வேண்டாம். வகுப்புக்கு இருவரும் செல்லுங்கள்.

மருத்துவ வசதி எப்படி?

1978இல் உருவான தேசிய சுகாதார சேவையில் பதிவு செய்து, ஒரு குடும்ப மருத்துவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவரைப் பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. நிபுணரைப் பார்க்க அவருடைய பரிந்துரைச் சீட்டு வேண்டும், அதற்கு ஒரு பங்குத் தொகை செலுத்த வேண்டும், காத்திருப்பு நீளலாம். ஒரு குடும்ப மருத்துவரிடம் பொதுவாக 1,500 பேர் வரை இருக்கலாம் என்பதாலும், ஓய்வு பெறுபவர்களின் இடத்துக்குச் சிற்றூர்களில் எளிதில் ஆள் கிடைக்காததாலும், உங்கள் ஊரில் இடமில்லாமல் பக்கத்து ஊர் மருத்துவர் ஒதுக்கப்படலாம். இரவிலும் விடுமுறை நாட்களிலும் அவசரம் என்று சொல்ல முடியாத நோய்களுக்குத் தனி முறை மருத்துவர் உண்டு, ஆம்புலன்ஸுக்கு 118. மருந்தகங்கள் இரவில் முறை வைத்துத் திறந்திருக்கும், அன்றைய முறை யாருக்கு என்பது ஒவ்வொரு மருந்தகத்தின் கதவிலும் ஒட்டப்பட்டிருக்கும்.

சைவ உணவு உண்பவர் இங்கே எப்படிச் சமாளிப்பது?

எமிலியா பன்றியும் பாலும் ஆளும் நாடு. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். எர்பத்ஸோனே என்னும் கீரை அடை, பார்ப்பதற்கு முழுச் சைவமாகத் தோன்றும். ஆனால் மாவிலும் பூரணத்திலும் பெரும்பாலும் பன்றிக் கொழுப்பு இருக்கும். பூரியைப் போல் உப்பி வரும் ஞோக்கோ ஃப்ரித்தோவையும் மரபாகப் பன்றிக் கொழுப்பில்தான் பொரிப்பார்கள். கப்பெல்லெத்தி என்னும் சிறு கொழுக்கட்டையின் உள்ளே இறைச்சி. பார்மிஜானோவோ, கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளால் பால் திரிக்கப்பட்டுச் செய்யப்படுவது. விதிமுறையே அப்படித்தான் என்பதால் விதிவிலக்கான வகை ஒன்று கிடைக்காது. கண்டிப்பான சைவர்கள் இதை அறிந்து முடிவு செய்துகொள்ளட்டும். இறைச்சி இல்லாதது என்று கேட்டால், தொர்தெல்லி என்னும் மாவுப் பொதியில் பூசணி வைத்த வகையைச் சொல்வேன், ஆனால் அதன் பூரணத்திலேயே பொதுவாகப் பார்மிஜானோ கலந்திருக்கும் என்பதால் கண்டிப்பான சைவர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

வீட்டுச் சமையலுக்குக் குறையில்லை. கொண்டைக்கடலை, பயறு, தட்டைப்பயறு வகைகள் எல்லாக் கடைகளிலும் உண்டு. இத்தாலியப் பேரங்காடிகளில் விற்கும் புழுங்கலரிசி இட்லிக்கு ஓரளவு ஒத்துழைக்கும். ரிசொத்தோவுக்கான உருண்டை அரிசியில் சோறு வடித்தால் குழைந்துவிடும். உளுந்து, பெருங்காயம், புளி ஆகியவற்றுக்கு ரெஜ்ஜோவில் உள்ள ஆசியக் கடைகளுக்குச் செல்ல வேண்டும். கறிவேப்பிலையைத் தொட்டியில் வளர்க்கலாம். அக்டோபரிலேயே வீட்டுக்குள் எடுத்து வைக்காவிட்டால் பட்டுப்போகும்.

கடைகள் எப்போது திறந்திருக்கும்?

பேரங்காடி நாள் முழுவதும். சிறு கடைகள் மதியம் பன்னிரண்டரை வாக்கில் மூடி, மூன்றரை அல்லது நான்கு மணிக்குத்தான் திறக்கும். நகராட்சி அலுவலகமோ பல நாட்களில் காலையில் மட்டும். ஆகஸ்ட் 15 கோடை விடுமுறையை ஒட்டிய இரு வாரங்களில் குழாய் பழுது பார்ப்பவரைக்கூடத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. காப்பிக் கடை மட்டும் விதிவிலக்கு. நின்றபடி ஒரு காப்பி ஒரு யூரோவுக்குச் சற்று மேல். உட்கார்ந்தால் சில இடங்களில் கூடுதல். ஒரே கடைக்கு நாள்தோறும் ஒரே நேரத்தில் செல்லுங்கள். வீடு காலியாவதும் வேலைக்கு ஆள் தேடப்படுவதும் அங்கேதான் முதலில் தெரியவரும்.

குப்பையைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?

ஈரக்கழிவு, காகிதம், நெகிழி, கண்ணாடி, எஞ்சியவை என்று பிரித்து, அட்டவணைப்படி முந்திய இரவு வாசலில் வைக்க வேண்டும். தவறாக வைத்த பை அள்ளப்படாமல் அங்கேயே கிடக்கும். தெரு முழுவதும் பார்க்கும். அட்டவணை நகராட்சியில் கிடைக்கும், சமையலறையில் ஒட்டி வையுங்கள்.

பிள்ளைகளின் படிப்பு?

6 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். பெற்றோரின் அனுமதிப் பத்திரம் எந்த நிலையில் இருந்தாலும் குழந்தையைப் பள்ளி மறுக்க இயலாது. 2017ஆம் ஆண்டின் சட்டப்படி பத்துத் தடுப்பூசிகள் கட்டாயம் என்பதால், ஊரிலிருந்து வரும்போது தடுப்பூசிப் பதிவைத் தவறாமல் கொண்டு வாருங்கள். மூன்று வயது முதல் ஆறு வயது வரையிலான மழலையர் பள்ளி கட்டாயமில்லை. எனினும் ரெஜ்ஜோ எமிலியா, லோரிஸ் மலகுத்ஸி வளர்த்தெடுத்த குழந்தைக் கல்வி முறையால் உலகெங்கும் கல்வியாளர்கள் அறிந்த பெயர் என்பதை நினைவில் வைத்து, இந்த வாய்ப்பை நழுவ விடாதீர்கள். வீட்டில் தமிழ் மட்டுமே கேட்ட குழந்தை அங்கே சில மாதங்களில் இத்தாலியம் பேசத் தொடங்கும். வீட்டிலும் இத்தாலியத்துக்கு மாறிவிடுங்கள் என்று யாராவது அறிவுரை சொன்னால், நன்றி கூறிவிட்டுத் தமிழிலேயே தொடருங்கள்.

பள்ளியில் கத்தோலிக்க சமய வகுப்பு விருப்பப்பாடம். சேர்க்கைப் படிவத்திலேயே வேண்டாம் என்று குறிப்பிடலாம். மதிய உணவில் இறைச்சி தவிர்க்கவும் முன்கூட்டி எழுதிக் கொடுக்கலாம்.

இந்திய ஓட்டுநர் உரிமம் செல்லுமா?

நகராட்சிப் பதிவு கிடைத்த ஓராண்டு வரை, மொழிபெயர்ப்புடனோ பன்னாட்டு உரிமத்துடனோ செல்லும். அதன்பின் செல்லாது. இந்திய உரிமத்தை இத்தாலிய உரிமமாக மாற்றித் தரும் உடன்படிக்கை இல்லாததால், எத்தனை ஆண்டு ஓட்டிய அனுபவம் இருந்தாலும் முதலிலிருந்து தேர்வு எழுத வேண்டும். எழுத்துத் தேர்வில் சரியா தவறா என்று குறிக்க வேண்டிய 30 கூற்றுகள், 20 நிமிடங்கள், மூன்று பிழைகள் வரை பொறுத்துக்கொள்வார்கள். இந்த வட்டாரத்தில் மொழி இத்தாலியம்தான். கூற்றுகள் வேண்டுமென்றே சுற்றி வளைத்து எழுதப்பட்டவை. பேருந்து குறைவான இந்தச் சமவெளியில் கார் இல்லாமல் பல வேலைகளுக்குச் செல்லவே முடியாது என்பதால், வந்த முதல் மாதமே ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்துவிடுங்கள். அதுவரை, குவாஸ்தல்லாவிலிருந்து நொவெல்லாரா வழியாக ரெஜ்ஜோ செல்லும் சிறு ரயில் இருக்கிறது. 2013இல் திறக்கப்பட்ட ரெஜ்ஜோவின் அதிவேக ரயில் நிலையத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் மிலானை அடையலாம்.

வேலையிடத்தில் எவற்றைக் கவனிக்க வேண்டும்?

எழுத்தில் ஒப்பந்தம், மாதந்தோறும் சம்பளச் சீட்டு, டிசம்பரில் பதின்மூன்றாம் மாதச் சம்பளம் எனப்படும் கூடுதல் மாத ஊதியம். இம்மூன்றும் உங்கள் உரிமை. பண்ணை வேலைகளில் ஒப்பந்தமே இல்லாமலோ, உழைத்த நாட்களில் பாதியை மட்டும் கணக்கில் காட்டியோ வேலை வாங்குவது நாட்டின் பல பகுதிகளில் இன்னும் தொடர்கிறது. 2024 ஜூனில், ரோமுக்குத் தெற்கே லத்தீனா மாவட்டத்தில், ஒப்பந்தமின்றி வேலை செய்த இந்தியத் தொழிலாளி ஒருவரின் கை இயந்திரத்தில் சிக்கித் துண்டானது. மருத்துவமனையில் சேர்க்கப்படாமல் அவர் தம் வீட்டருகே விட்டுச் செல்லப்பட்டு, பின்னர் உயிரிழந்தார். நாட்டையே உலுக்கிய அந்த நிகழ்வுக்குப் பிறகும், தாள் எதற்கு, காசு கைக்கு வந்தால் போதாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். போதாது. சம்பளச் சீட்டு இல்லையென்றால் அனுமதியைப் புதுப்பிக்க வருமானச் சான்றும் இல்லை.

ஊர் மக்கள் ஏற்றுக்கொள்வார்களா?

மெதுவாக. முதலில் பார்ப்பார்கள், தெருவில் எதிர்ப்படும் எல்லோருக்கும் வணக்கம் சொல்லுங்கள், பதில் வராவிட்டாலும் மறுநாள் சொல்லுங்கள். வயதில் மூத்தவரையும் அலுவலரையும் அறிமுகமில்லாதவரையும் மரியாதைப் பன்மையின் இடத்தில் நிற்கும் 'லெய்' வடிவத்தில் பேச வேண்டும். அவர்களே விலக்கும் வரை அதை விலக்கக் கூடாது. ஒருவர் இறந்தால் அறிவிப்புச் சுவரொட்டி ஊர்ப் பலகைகளில் ஒட்டப்படும். தெருவில் குடியிருந்தவர் என்றால் தேவாலய வாசல் வரையாவது போய்வருவது நன்று, வேற்று மதத்தவர் என்பதற்காக யாரும் உங்களைத் தவிர்க்கச் சொல்ல மாட்டார்கள்.

நட்பு வேண்டும் என்றால் ஏதேனும் ஒரு சங்கத்தில் சேருங்கள். 1927இல் தொடங்கிய ஆவிஸ் என்னும் இரத்ததானச் சங்கத்துக்கு ஏறக்குறைய எல்லா ஊரிலும் கிளை உண்டு. ஊர்த் திருவிழாக்களை நடத்தும் ப்ரோ லோகோ அமைப்பில் தட்டு கழுவவும் மேசை போடவும் எப்போதும் ஆள் தேவைப்படும். பெரிய வரவேற்புப் பேச்சுகளை எதிர்பார்ப்பவருக்கு இது சிறுமையாகத் தோன்றலாம். என் கணிப்பில், இரண்டு கோடைக்காலம் சேர்ந்து மேசை தூக்கியவருக்கும் ஊர் அலுவலகத்தில் நல்ல இத்தாலியம் பேசுபவருக்கும் இடையே, ஊர் முன்னவரைத்தான் தன் ஆளாகக் கருதும். சீக்கியர்கள் இதை நன்கு புரிந்துகொண்டவர்கள். வைசாகி ஊர்வலத்தில் சாலையைக் கழுவியபடி முன்னே செல்பவர்களும், வேடிக்கை பார்க்க வந்த எல்லோருக்கும் உணவளிக்கும் பந்தல்களும் இன்று ஊர்க்காரர்களுக்கும் பழகிப்போனவை.

கசப்பான சொற்களும் காதில் விழும். வாடகைக்கு வீடு இருக்கிறது என்று தொலைபேசியில் சொன்னவர், நேரில் பார்த்ததும் இல்லை என்று சொல்வதுண்டு. அதை இல்லையென்று மறைப்பதால் பயனில்லை.

குடியுரிமை எப்போது கிடைக்கும்?

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்தவர் பத்து ஆண்டுகள் தொடர்ந்து சட்டப்படி வாழ்ந்திருக்க வேண்டும். இதை ஐந்தாகக் குறைக்க 2025 ஜூன் 8, 9 தேதிகளில் நடந்த பொதுவாக்கெடுப்பில் தேவையான பாதிப் பங்கு வாக்காளர் வராததால் அது செல்லாமற்போனது. பி1 எனப்படும் இடைநிலை மொழிச் சான்றும், கடந்த மூன்று ஆண்டு வருமானமும், 250 யூரோ கட்டணமும் வேண்டும். அதன்பின் விண்ணப்பம் பரிசீலிக்கப்படும் ஆண்டுகள் தனி. முடிவில் ஊர் மேயர் முன்னிலையில் உறுதிமொழி எடுக்க வேண்டும். இங்கேயே பிறந்து இடைவிடாமல் வளர்ந்த பிள்ளைகள் 18 வயது நிறைந்த ஓராண்டுக்குள் தாமே அறிவித்துக் குடியுரிமை பெறலாம். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்பதால் இந்தியக் கடவுச்சீட்டை ஒப்படைக்க வேண்டியிருக்கும். இலங்கைச் சட்டம் குறிப்பிட்ட நிபந்தனைகளுடன் அதற்கு இடமளிக்கிறது. அவசரமில்லாதவர்களுக்கு, ஐந்து ஆண்டுகளில் விண்ணப்பிக்கத்தக்க நீண்டகால அனுமதியே அன்றாட வாழ்வுக்குப் போதுமானது.

அனுமதி புதுப்பித்தலில் இருக்கும்போது ஊருக்குப் போய் வரலாமா?

போகலாம். கடவுச்சீட்டு, காலாவதியான அட்டை, அஞ்சல் நிலையப் பற்றுச்சீட்டு மூன்றையும் கையில் வைத்திருக்க வேண்டும். ஆனால் பயணம் இத்தாலிக்கும் உங்கள் நாட்டுக்கும் இடையே, தமக்கிடையே எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகளான வேறு ஷெங்கன் நாடுகளைத் தொடாமல் அமைய வேண்டும். விலை குறைவு என்று பிராங்பர்ட் வழியாகவோ பாரிஸ் வழியாகவோ சீட்டு எடுக்காதீர்கள். மிலானிலிருந்தோ பொலோன்யாவிலிருந்தோ புறப்பட்டு துபாய், தோஹா போன்ற இடங்களில் மாறிச் சென்னைக்கோ கொழும்புக்கோ செல்லுங்கள். அங்கே தங்கும் காலத்துக்கும் எல்லை உண்டு: ஓராண்டு அனுமதி வைத்திருப்பவர் தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேலும், இரண்டு ஆண்டு அனுமதி வைத்திருப்பவர் அதன் பாதிக் காலத்துக்கு மேலும், தக்க காரணமின்றி வெளியே இருந்தால் புதுப்பித்தல் மறுக்கப்படலாம். பெற்றோரின் நோய் போன்ற காரணத்தால் தாமதமானால், மருத்துவமனைச் சான்றை வாங்கி, இத்தாலியத்தில் மொழிபெயர்த்து, உரிய சான்றொப்பத்துடன் கொண்டு வாருங்கள்.